ஓடுறவன் முதுகு: புதுச்சேரி எல்லையில் ஒரு பழைய கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

பஸ்லயோ மெட்ரோலயோ போய்க்கிட்டே இதைக் கேட்டுட்டிருப்பீங்க. மனசுல ஒரு ரோடு வரைஞ்சுக்கோங்க. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போற ரோடு. வில்லியனூர் வருது. அப்புறம் அரியூர். இதெல்லாம் புதுச்சேரி. கொஞ்ச தூரம் போனா கண்டமங்கலம், அது தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனா திருபுவனை, மறுபடியும் புதுச்சேரி! பாகூர் பக்கமும் இதே கதைதான். கடலூர் ரோட்டுல ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் புதுச்சேரி, முள்ளோடையைத் தாண்டினா திரும்பவும் தமிழ்நாடு. வயக்காட்டு வரப்புல நடந்தே எல்லை தாண்டலாம்.

இந்த மாதிரி ஊர்ல ஒருத்தர் போலீஸைப் பார்த்து ஓடினா, அஞ்சு நிமிஷத்துல வேற மாநிலம். 1954க்கு முன்னாடின்னா வேற நாடு.

இன்னைக்குப் பேசப் போறது அந்த ஓட்டத்தைப் பத்தித்தான். போலீஸ் தேடுற ஒருத்தர் ஓடுறார். பிடிக்க முடியல. போலீஸ் கையில துப்பாக்கி இருக்கு. சுடலாமா? எப்போ சுடலாம்? சட்டம் என்ன சொல்லுது, அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, நம்ம ஊர் வரலாறு அதுக்கு என்ன பதில் சொல்லுது?

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துடறேன். 2019 டிசம்பர் 6. ஹைதராபாத்ல ஒரு பெண் மருத்துவரை வன்கொடுமை செஞ்சு கொன்ற வழக்குல கைதான நாலு பேரையும் போலீஸ் சுட்டுக் கொன்னுட்டதா காலையில செய்தி. விசாரணைக்கு சட்டான்பள்ளி கூட்டிட்டுப் போனப்போ துப்பாக்கியைப் பிடுங்கிட்டு ஓடினாங்க, அதனால சுட்டோம்னு போலீஸ் சொன்னது. அன்னைக்கு வாட்ஸ்அப்ல வந்த ‘சபாஷ்’ மெசேஜை நானும் நாலு குரூப்புக்கு ஃபார்வர்டு பண்ணேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. இந்த எபிசோடு, அன்னைக்கு யோசிக்காம விட்டதை இப்போ யோசிக்கறது. அவ்வளவுதான்.

ஓடி வந்தவர்களின் ஊர்

புதுச்சேரிக்கு ஒரு விசித்திரமான பெருமை உண்டு. இந்த ஊரின் பெயரோடு சேர்த்து நாம் சொல்கிற பெரிய பெயர்களில் சிலர், சட்டத்தின் கண்ணில் ‘தப்பி ஓடியவர்கள்’.

1908. சென்னையில் ‘இந்தியா’ பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்கு. பதிவேட்டில் பெயர் இருந்த சீனிவாசன் கைதானார், தண்டனையும் பெற்றார். எழுதியவர் பாரதி. அவர் கைதாவதற்கு முன்பே பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். பத்து வருஷம் இங்கேயே.

1910 ஏப்ரல் 4. கல்கத்தாவிலிருந்து கப்பலில் ஒருவர் வந்து இறங்குகிறார். அரவிந்தர். ‘கர்மயோகின்’ இதழில் எழுதிய கட்டுரைக்காக அவர் மேல் ராஜத்துரோக வாரண்ட்.

இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. ராஜத்துரோகம், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு, சின்னக் குற்றம் இல்ல. அதிகபட்ச தண்டனை ஆயுள் முழுக்க நாடு கடத்தல். அதே காலத்துல நடைமுறையில் இருந்தது 1898ஆம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதுல 46ஆம் பிரிவு, ஒருத்தரை எப்படிக் கைது பண்ணணும்னு சொல்லுது. கைதை எதிர்த்தாலோ தப்பிக்கப் பார்த்தாலோ, கைது செய்யத் தேவையான எல்லா வழிகளையும் போலீஸ் பயன்படுத்தலாம். அதுக்கு அடுத்து ஒரு வரி. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்க இந்தப் பிரிவு எந்த உரிமையும் தராது. இதுதான் அதன் சாரம்.

அந்த வரிக்கு இன்னைக்கும் உயிர் இருக்கு. 1973ல சட்டத்தைத் திருத்தி எழுதினப்பவும் 46ஆம் பிரிவுலயே இருந்தது. 2024 ஜூலை 1ல நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 43ஆம் பிரிவுக்கு இடம் மாறியிருக்கு. நூறு வருஷத்துக்கும் மேல ஒரே வரி.

நிறைய பேர் இதைத் தலைகீழாப் படிக்கறாங்க. ‘அப்போ ஆயுள் தண்டனைக் குற்றம்னா ஓடும்போது சுடலாம்னுதானே அர்த்தம்?’ இப்படிப் படிச்சா என்ன ஆகும் தெரியுமா? அரவிந்தர் கல்கத்தாவுல படகேறப் போறப்போ, ஒரு போலீஸ்காரர் பார்த்து, ‘நில்லு’ன்னு சொல்லி, அவர் நிக்கலைன்னா, முதுகுல சுட்டிருக்கலாம். சட்டப்படி சரி!

அடுத்து என்ன நடந்ததுன்னு கேளுங்க. அதே 1910 நவம்பரில், அந்தக் கட்டுரையை அச்சிட்டவரின் மேல்முறையீடு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கட்டுரையில் ராஜத்துரோகமே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அச்சிட்டவர் விடுதலை. அதாவது எந்தக் குற்றத்துக்காக அவரைத் தேடினார்களோ, அந்தக் குற்றமே நடக்கவில்லை. ஏழு மாதம் கழித்து நீதிமன்றம் சொன்ன பதில் அது. தோட்டா போயிருந்தா, இந்தப் பதிலைக் கேட்க ஆள் இருந்திருக்க மாட்டார்.

‘குற்றம் சாட்டப்பட்டவர்’ங்கிற வார்த்தையில ‘சாட்டப்பட்ட’ங்கிறதுக்கு இருக்கிற கனம் இதுதான்.

தடுப்புச்சுவரா, லைசென்ஸா?

அந்த வரியை எப்படித்தான் படிக்கறது? அதுல இருக்கிற சொல் ‘உரிமை தராது’. அது ஒரு தடுப்புச்சுவர். இந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு சொல்லுது. சுவர் இல்லாத பக்கம் கண்ணை மூடிட்டு ஓடலாம்னு சொல்லல. மேல இருக்கிற வரியில ‘தேவையான வழிகள்’ங்கிற நிபந்தனை அப்படியேதான் நிக்குது. தப்பிக்காம இருக்க எவ்வளவு கட்டுப்பாடு தேவையோ அதுக்கு மேல போகக்கூடாதுன்னு இன்னொரு பிரிவும் இருக்கு.

லைசென்ஸ்னு படிச்சா எவ்வளவு அபத்தமாகும்னு பாருங்க. நம்ம தண்டனைச் சட்டத்துல ஆயுள் தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றங்கள் கொலை, கொள்ளை மட்டும் இல்ல. போலி உயில், போலிப் பத்திரம் தயாரிக்கறது, கள்ள நோட்டு அடிக்கறது, அரசு ஊழியர் தன் பொறுப்புல இருக்கிற பணத்தைக் கையாடறது, எல்லாத்துக்கும் அதிகபட்சம் ஆயுள்தான். வில்லியனூர்ல ஒருத்தர் போலிப் பத்திரம் போட்டு மனையை வித்துட்டார்னு வைங்க. ஐம்பத்தஞ்சு வயசு, சர்க்கரை நோய், மூச்சு வாங்க கண்டமங்கலம் பக்கம் ஓடறார். அவரை முதுகுல சுடலாமா? யாரும் சரின்னு சொல்ல மாட்டோம். ஆனா ‘குற்றத்தோட எடை’ மட்டுமே அளவுகோல்னா, பதில் ‘சுடலாம்’.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்துல பெருங்குற்றம்னாலே தூக்குதான். எப்படியும் சாகப் போறவன், ஓடும்போது செத்தா என்னன்னு ஒரு கணக்கு. தூக்குத் தண்டனை கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்ச பிறகும் அந்தக் கணக்கு பல நாடுகள்ல ஒட்டிக்கிட்டே இருந்தது. நம்ம 46ஆம் பிரிவுல குற்றத்தோட எடையைப் பேசற வரி அதோட நிழல்தான்னு நான் நினைக்கறேன்.

அந்தக் கணக்கை ஒரு நீதிமன்றம் நேருக்கு நேரா எடுத்துப் பார்த்த கதை அமெரிக்காவுல இருக்கு. 1974 அக்டோபர் 3 ராத்திரி, டென்னசி மாநிலம், மெம்ஃபிஸ் நகரம். ஒரு வீட்டுல திருடன் புகுந்துட்டான்னு போன். போலீஸ்காரர் வீட்டுக்குப் பின்பக்கம் போறார். ஒரு பையன் ஓடிவந்து கம்பி வேலி ஓரமா குனிஞ்சு நிக்கறான். டார்ச் அடிச்சுப் பார்க்கறார். முகம் தெரியுது, கை தெரியுது, ஆயுதம் எதுவும் தெரியல. ‘போலீஸ், நில்’னு கத்தறார். பையன் வேலி ஏறறான். தாண்டிட்டா பிடிக்க முடியாதுன்னு நினைச்சு சுடறார். தலையின் பின்பக்கம் குண்டு பாய்ஞ்சது. பையன் பெயர் எட்வர்ட் கார்னர். வயசு 15. அவன்கிட்ட இருந்தது ஒரு பர்ஸும் பத்து டாலரும்.

அந்த மாநிலச் சட்டப்படி போலீஸ்காரர் செஞ்சது தப்பே இல்ல. பையனோட அப்பா விடாம வழக்கு நடத்தினார். பதினோரு வருஷம் கழிச்சு, 1985 மார்ச்சில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பு சொன்னது. ஆயுதமில்லாத, ஆபத்தில்லாத ஒருவர் தப்பிப்பதைத் தடுக்க மட்டும் கொல்லக் கூடாது. அவர் தப்பினால் போலீஸுக்கோ மற்றவர்களுக்கோ உயிராபத்து அல்லது கடுமையான காயம் ஏற்படும் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால்தான் சுடலாம். முடிந்தால் முதலில் எச்சரிக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பு செஞ்ச வேலை என்னன்னா, கேள்வி பார்க்கிற திசையை மாத்தினது. ‘இவன் என்ன செஞ்சான்?’ங்கிறது பின்னாடி பார்க்கிற கேள்வி. ‘இவன் இப்போ தப்பினா யாருக்கு என்ன ஆகும்?’ங்கிறது முன்னாடி பார்க்கிற கேள்வி. நீதிமன்றம் ரெண்டாவதைக் கேட்கச் சொன்னது. செஞ்சதுக்குத் தண்டனை கொடுக்க நீதிபதி இருக்கார். போலீஸோட துப்பாக்கி வரப்போற ஆபத்தைத் தடுக்க மட்டும்தான்.

1990ல ஹவானாவுல கூடிய ஐ.நா. மாநாடு காவல் துறைக்கான துப்பாக்கி விதிகளை ஏத்துக்கிட்டப்பவும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. வேண்டுமென்றே உயிரைப் பறிக்கறது, இன்னொரு உயிரைக் காப்பாத்த வேற வழியே இல்லாதபோது மட்டும்.

இதுல ஒரு சின்ன வேடிக்கையும் இருக்கு. ராத்திரியில வீடு புகுந்து திருடறதுக்கு நம்ம பழைய சட்டத்துல அதிகபட்சம் 14 வருஷம். ஆயுள் இல்ல. அதனால 1898ஆம் வருஷத்து வரிப்படியே அந்தப் பையனைக் கொல்ல நம்ம போலீஸுக்கு உரிமை கிடையாது. காலனி காலத்துச் சட்டம் ஏட்டளவுல டென்னசியை விட மேல இருந்திருக்கு!

மணியாச்சியும் பள்ளத்துப்பட்டியும்

‘நல்லாத்தான் பேசறீங்க, அரிவாளோட ஓடறவனைத் துரத்திப் பார்த்திருக்கீங்களா?’ன்னு இந்நேரம் யாராவது கேட்டிருப்பீங்க. நியாயமான கேள்வி.

புதுச்சேரியோட தொடர்புள்ள இன்னொரு ஓட்டத்தை எடுத்துக்கலாம். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். கலெக்டர் ஆஷை ரயில் பெட்டியிலேயே சுட்டுட்டு வாஞ்சிநாதன் பிளாட்பாரத்துல ஓடறார். கையில பிரவுனிங் துப்பாக்கி. கழிவறைக்குள்ள போய்த் தன்னையே சுட்டுக்கிட்டார். நமக்கு அவர் தியாகி. ஆனா அந்த நிமிஷத்தை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. இப்போதான் ஒருத்தரைக் கொன்னவர், கையில துப்பாக்கி, சுத்தி பயணிகள். அங்க ஒரு காவலர் சுட்டிருந்தா, மெம்ஃபிஸ் அளவுகோல்படி அதைத் தப்புன்னு சொல்றது கஷ்டம். நாம யார் பக்கம்ங்கிறதை வெச்சு இந்த அளவுகோல் மாறக்கூடாது. அப்பதான் அது அளவுகோல்.

இன்னொண்ணு, நம்ம காலத்துல நடந்தது. 2021 நவம்பர் 21 விடியற்காலை. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன். பைக்கில் ஆடு திருடிட்டுப் போறவங்களைத் தனியாகவே துரத்திப் போனார். புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம், பள்ளத்துப்பட்டியில் மடக்கிப் பிடித்தார். அங்கேயே அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கைதான மூணு பேரில் ரெண்டு பேர் சிறுவர்கள். பிறகு அப்போதைய டி.ஜி.பி., தற்காப்புக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்தக் காவலர்கள் தயங்க வேண்டாம் என்றார்.

ஆடு திருடறதுக்கு என்ன தண்டனை? சாதாரணத் திருட்டுன்னா மூணு வருஷம் வரைக்கும். குற்றத்தோட எடையைப் பார்த்தா, பூமிநாதன் துப்பாக்கியைத் தொடவே கூடாது. ஆனா அரிவாள் ஓங்கின அந்த நொடியில, சுடறதுக்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. அந்த உரிமை கைது பத்தின பிரிவுலேருந்து வர்றதில்ல. தற்காப்பு உரிமையிலேருந்து வருது. உயிர் போயிடும்னு நியாயமா பயப்பட வேண்டிய நிலைமையில அது உங்களுக்கும் எனக்கும் போலீஸுக்கும் ஒண்ணுதான்.

ஆக, அரவிந்தர் பக்கம் பெரிய குற்றச்சாட்டு, ஆபத்து கிடையாது. ஆடு திருடினவங்க பக்கம் சின்னக் குற்றச்சாட்டு, கொலைகார ஆபத்து. ‘என்ன கேஸு’ங்கிற கேள்வி ரெண்டு இடத்துலயும் தப்பான பதிலைத் தருது. ‘இப்போ என்ன ஆபத்து’ங்கிற கேள்விதான் ரெண்டு இடத்துலயும் சரியான பதிலைத் தருது.

துப்பாக்கி எடுத்தா எல்லாம் சரியாகிடும்னும் இல்ல. 2017 டிசம்பர்ல, சென்னை நகைக்கடைக் கொள்ளையரைத் தேடி ராஜஸ்தான் போன மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் குண்டடிபட்டு இறந்தார். கொள்ளையர் சுட்டதாகத்தான் முதலில் எல்லாரும் நினைத்தோம். கூடவே போன சக அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு என்று ராஜஸ்தான் போலீஸ் விசாரணை சொன்னது. துரத்தலின் குழப்பத்தில் குண்டு யார் உடம்பைத் தேடிப் போகும்னு யாராலும் சொல்ல முடியாது.

கூட்டம் ஓடும்போது

சட்டத்துல தனி ஆளைக் கைது பண்றது வேற, கூட்டத்தைக் கலைக்கறது வேற. ஆனா முதுகு ஒண்ணுதான்.

புதுச்சேரிக்காரங்க கிட்ட ‘துப்பாக்கிச் சூடு’ன்னு சொன்னா முதல்ல ஞாபகம் வர்றது 1936 ஜூலை 30. சவானா மில் தொழிலாளர்கள் மேல பிரெஞ்சு அரசு சுட்டது. 12 பேர் இறந்தாங்க. இன்னைக்கும் அது தியாகிகள் தினம். அதுக்கு 17 வருஷம் முன்னாடி ஜாலியன்வாலா பாக்ல, வெளியேற வழி தேடி ஓடின ஜனங்க மேலதான் குண்டு பாய்ஞ்சது. 1898ஆம் வருஷத்து அந்த நல்ல வரி ஏட்டுல இருந்த அதே காலம்.

2018 மே 22ல தூத்துக்குடி. ஸ்டெர்லைட் போராட்டத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தாங்க. விசாரிச்ச நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தோட அறிக்கையை 2022 அக்டோபர்ல சட்டமன்றத்துல வெச்சாங்க. தப்பி ஓடிக்கிட்டிருந்தவங்க மேல சுட்டிருக்காங்க, கலெக்டர் அலுவலகப் பூங்காவுல மறைஞ்சு நின்னு சுட்டிருக்காங்கன்னு அந்த அறிக்கை சொல்லுது. கூட்டத்தைக் கலைக்கணும்ங்கிறதுதான் நோக்கம்னா, ஓட ஆரம்பிச்ச நிமிஷமே நோக்கம் நிறைவேறியாச்சு. அப்புறம் எதுக்குக் குண்டு?

சாட்சி யார்?

இப்போ 2019 டிசம்பருக்குத் திரும்பி வரேன். நான் ஃபார்வர்டு பண்ண அந்தச் செய்திக்கு.

ஓடினாங்க, பிடுங்கினாங்க, சுட்டாங்க. இதெல்லாம் யார் சொன்னது? சுட்டவங்க. மறுத்துப் பேச வேண்டிய நாலு பேரும் பிணவறையில. உச்ச நீதிமன்றம் நீதிபதி சிர்புர்கர் தலைமையில ஆணையம் அமைச்சது. 2022 மே மாசம் அறிக்கை வெளியாச்சு. போலீஸ் சொன்ன கதையை ஆணையம் நம்பல. கொல்லும் நோக்கத்தோட வேண்டுமென்றே சுட்டாங்கன்னு சொன்னது. பத்து காவலர்கள் மேல கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைச்சது. இறந்த நாலு பேர்ல மூணு பேர் 18 வயசு நிரம்பாதவங்கன்னும் சொன்னது. அந்த அறிக்கை மேல தெலங்கானா உயர் நீதிமன்றத்துல சட்டப் போராட்டம் நடந்தது தனிக் கதை. ஆனா எனக்கு உறைச்சது வேற. நான் ‘சபாஷ்’ சொன்னப்போ இந்த எதுவுமே எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னும் தோணல.

புதுச்சேரிக்குப் பழக்கமான இன்னொரு நாட்டுலயும் இதே கதை நடந்தது. நம்ம ஊர்ல பல வீடுகள்ல பாரீஸ் பக்கம் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பாங்க. 2023 ஜூன் 27, பாரீஸ் பக்கத்துல நான்தேர். காரை நிறுத்தச் சொன்ன போலீஸ், கார் கிளம்பினதும் ஓட்டின 17 வயசுப் பையனைச் சுட்டது. பெயர் நயெல். கார் எங்க மேல ஏற வந்ததுன்னு முதல்ல ஒரு தகவல் வந்தது. அப்புறம் ஒரு மொபைல் வீடியோ வந்தது. சுட்டவர் காரோட பக்கவாட்டுல நிக்கறார். பிரான்ஸே கொந்தளிச்சது. சுட்டவர் மேல கொலைக் குற்றச்சாட்டு பதிவாச்சு. தப்பிப் போற வாகனத்தை எப்போ சுடலாம்னு சொல்ற 2017ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பத்தி நாடு முழுக்க விவாதம் நடந்தது. அந்த வீடியோ இல்லைன்னா முதல் கதைதான் கடைசிக் கதையா இருந்திருக்கும்.

அதனாலதான் நம்ம உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23ல 16 விதிகள் போட்டது. மும்பை என்கவுன்டர் மரணங்கள் பத்தின பி.யு.சி.எல். வழக்கு அது. போலீஸ் சுட்டு ஒருத்தர் இறந்தா எப்.ஐ.ஆர். போடணும். சி.ஐ.டி.யோ வேற காவல் நிலையக் குழுவோ விசாரிக்கணும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சம்பவம் முடிஞ்ச கையோட சுட்டவங்களுக்குப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. இது போலீஸுக்கு எதிரான பட்டியல் இல்ல. உண்மையிலேயே உயிருக்குப் பயந்து சுட்ட காவலருக்கு, ‘நான் நியாயமாத்தான் சுட்டேன்’னு நிரூபிக்க இருக்கிற ஒரே வழி இதுதான்.

மாவுக்கட்டு ஜோக் நமக்கெல்லாம் தெரியும். ‘கழிவறையில வழுக்கி விழுந்துட்டார்’னு செய்தி வந்தா மீம் போட்டுச் சிரிக்கறோம். சிரிக்கறதுக்குக் காரணமே அது நிஜமில்லைன்னு நமக்குத் தெரியும்ங்கிறதுதான். அதே சிரிப்புதான் ‘தப்பி ஓட முயன்றபோது’ங்கிற வரியையும் கேள்வி கேட்காம நம்மைத் தாண்டிப் போக விடுது.

உயிரோடு பிடிபட்டா என்ன கிடைக்கும்?

மறுபடி வில்லியனூர். 2023 மார்ச் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கடைத்தெருவுல ஒரு கட்சி நிர்வாகியை நாட்டு வெடிகுண்டு வீசி, வெட்டிக் கொன்னாங்க. ஊரே நடுங்கின நாள். அப்போ சுட்டுத் தள்ளணும்னு யாராவது சொன்னா, அந்தக் கோபத்தை என்னால புரிஞ்சுக்க முடியும்.

நடந்தது என்ன? தேடப்பட்டவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். பிறகு திருச்சியில் நீதிமன்றத்தில் சரணடைந்தார்கள். வழக்கு என்.ஐ.ஏ.வுக்குப் போனது. குற்றப்பத்திரிகை தாக்கலானது. வெட்டினது யார்ங்கிறதோட நிக்காம, திட்டம் போட்டது யார், குண்டு எங்கிருந்து வந்ததுன்னு கேட்க முடிஞ்சது. கேள்வி கேட்க ஆள் உயிரோட இருந்ததால.

சென்னையில 2024 ஜூலை 5ல பகுஜன் சமாஜ் கட்சித் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலையானார். ஜூலை 14 அதிகாலை, அந்த வழக்குல கைதானவங்கள்ல ஒருத்தரை மாதவரம் பக்கம் போலீஸ் சுட்டுக் கொன்னது. ஆயுதம் மறைச்ச இடத்தைக் காட்டக் கூட்டிட்டுப் போனோம், தப்பி ஓடி எங்களைச் சுட்டார்னு போலீஸ் சொன்னது. அது உண்மையாகவே இருக்கட்டும். அப்பவும் ஒரு இழப்பு இருக்கு. அவருக்குத் தெரிஞ்சது எல்லாம் அவரோடயே போயிடுச்சு. கொலையான குடும்பத்துக்கு முழு உண்மை வேணும்னா, குற்றவாளி உயிரோட கூண்டுல நிக்கணும். 2012ல உச்ச நீதிமன்றமே, ஒருவர் பயங்கரக் குற்றவாளி என்பதற்காக அவரைக் கொல்வது போலீஸின் வேலை இல்லை, கைது செய்து விசாரணைக்கு நிறுத்துவதுதான் வேலைன்னு தெளிவா சொல்லியிருக்கு.

இன்னொண்ணு. வில்லியனூர், பாகூர் பக்கம் எல்லைங்கிறது இப்போ வெறும் பெயர்ப்பலகை. 1954க்கு முன்னாடி அது சர்வதேச எல்லை. தாண்டிட்டா போலீஸ் கையைப் பிசைஞ்சுட்டு நிக்கணும். வில்லியனூர் கொம்யூன்ல இருக்கிற கீழூர்லதான் 1954 அக்டோபர் 18ல 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோட இணையலாம்னு வாக்களிச்சாங்க. 1963 அக்டோபர் 1லேருந்து இந்தியக் குற்றவியல் சட்டங்கள் இங்கேயும் வந்தது. பிடிவாரண்ட் இல்லாமலே கைது பண்ணக்கூடிய ஒருத்தரைத் துரத்திக்கிட்டு நாட்டுக்குள்ள எங்க வேணும்னாலும் போக இப்போ போலீஸுக்கு அதிகாரம் இருக்கு. சிசிடிவி இருக்கு, செல்போன் டவர் இருக்கு, பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒரு போன் இருக்கு. இன்னைக்கு ஓடறவர் நாளைக்குக் கிடைப்பார். ‘இப்போ விட்டா எப்பவுமே பிடிக்க முடியாது’ங்கிற பழைய பயத்துக்கு இருந்த காரணம் ரொம்பவே சுருங்கிடுச்சு.

அதனால என்னோட பதில் இது. அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி வரும்போது மூணு கேள்வி கேட்போம். ஓடினவர் அந்த நொடியில யாரோட உயிருக்கு ஆபத்தா இருந்தார்? சுடறதைத் தவிர வேற வழி இருந்ததா? இந்த ரெண்டுக்கும் பதில் சொன்னது சுட்டவர் மட்டும்தானா, இல்ல வேற யாராவது விசாரிச்சாங்களா? மூணுக்கும் நேர்மையான பதில் கிடைச்சா, அந்தக் காவலர் பக்கம் நாம நிக்கலாம், நிக்கணும். கிடைக்கற வரைக்கும் ‘சபாஷ்’ வேண்டாம்.

முடிக்கறதுக்கு முன்னாடி பாரதி. 1918 நவம்பரில் அவர் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். பிரிட்டிஷ் எல்லைக்குள் போனதும் கைது. நவம்பர் 20 முதல் டிசம்பர் 14 வரை கடலூர் சிறை. அப்புறம் விடுதலை. பத்து வருஷம் தேடின ஆளை, ஒரு தோட்டாகூடச் செலவாகாம பிடிச்சாங்க. பிரிட்டிஷ் ராஜ்யம் ஒண்ணும் கவிழ்ந்துடல.

அந்தப் பத்து வருஷத்துல புதுச்சேரியில அவர் எழுதினது என்னென்னன்னு உங்க ஸ்கூல் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.